பெயின்ட் குதிரையின் வெள்ளைக் குட்டி

போன மாதம் கொலோனில் நடந்த ஒரு சின்னச் சந்திப்பில், நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு இங்கே வந்திருக்கும் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: "மேடம், மருந்து படிக்கிறோம், சர்ஜரி படிக்கிறோம், சரி. அமெரிக்கக் குதிரைகளோட ஹிஸ்டரி எல்லாம் எதுக்கு மேடம்? வயிறு வலிச்சா எல்லாக் குதிரைக்கும் ஒரே வயிறுதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பதில் நீளமானது என்பதால் அன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். இங்கே இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். ஒரே வயிறு இல்லை, பிள்ளைகளே.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் ஜெர்மனிக்கு வந்து, மொழி படித்து, பிறகு மிருக வைத்தியம் படித்து, ரூர் பகுதிக்கு வடக்கே ஒரு குதிரை மருத்துவமனையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அந்தப் பக்கம் மழையும் சேறும் புல்வெளியும்தான். ஆனால் பத்துப் பண்ணைக்கு ஒன்றில் நீங்கள் கௌபாய் தொப்பியைக் காணலாம். தெற்கே அமெரிக்கப் படைமுகாம்கள் இருந்த காலத்தில் கௌபாய் பாணியில் குதிரை ஓட்டும் முறை இங்கே வேர்விட்டது என்று சொல்வார்கள். ஜெர்மன்காரருக்கு அமெரிக்க மேற்கின்மேல் எப்போதும் ஒரு மயக்கம் உண்டு. அந்த மயக்கம் குவார்ட்டர், பெயின்ட், அப்பலூசா என்று அமெரிக்க இனக் குதிரைகளாக எங்கள் வாசலுக்கு வந்தது.

எங்கள் பகுதியில் அப்படி மயங்கியவர்களில் முதல் ஆள் திரு. வேபர், இங்கத்தைய வழக்கில் ஹெர் வேபர். ஐம்பது வயது, உயரமான மனிதர், குரல் இன்னும் உயரம். அவரிடம் ஒரு பெயின்ட் இன ஆண் குதிரை இருந்தது. செம்பழுப்பு உடம்பு, இரண்டு விலாவிலும் காகிதத்தைக் கிழித்து ஒட்டியது போல வெள்ளை, முதுகில் மட்டும் வெள்ளை ஏறாது. பார்த்தால் கண் எடுக்க முடியாத அழகு. அதைச் சேர்த்துச் சினைப்படுத்தத் தூரத்திலிருந்தெல்லாம் பெண் குதிரைகளைக் கொண்டு வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேபர் பண்ணையைத் திறந்துவைத்து, வருகிறவர்களுக்குச் சரித்திரம் சொல்வார். நானும் சில தடவை நின்று கேட்டிருக்கிறேன். நன்றாகச் சொல்வார். குதிரை என்ற மிருகமே அமெரிக்க மண்ணில்தான் உருவானது. அங்கிருந்து நிலம் வழியாக ஆசியாவுக்கு வந்தது. பிறகு தான் பிறந்த மண்ணிலேயே அற்றுப்போனது. ஆயிரக்கணக்கான வருடங்கள் கழித்து ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுபோய் இறக்கியபோது, அது வீடு திரும்பியது. தப்பியோடியவை புல்வெளிகளில் பெருகி மஸ்டாங் என்ற காட்டுக் குதிரைகள் ஆகின. கிழக்கே குடியேறிய ஆங்கிலேயர்கள் தங்கள் பந்தயக் குதிரைகளை, சிக்கசா என்ற பழங்குடி மக்கள் வளர்த்த கட்டையான வேகக் குதிரைகளோடு சேர்த்தார்கள். பந்தயத் திடல் கட்ட இடமில்லாத ஊர்களில் தெருவிலேயே கால் மைல் ஓடவிட்டார்கள். அந்தக் கால் மைல்தான் குவார்ட்டர் குதிரைக்குப் பெயராயிற்று. ஒரேயொரு சின்ன ஆண் குதிரை, ஏர் இழுத்து, மரம் இழுத்து, பந்தயத்திலும் வென்று, மோர்கன் என்ற முழு இனத்துக்கும் தகப்பனானது. இதையெல்லாம் அவர் சொல்லும்போது பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நிற்பார்கள்.

பெயின்ட் பற்றியும் சொல்வார். குவார்ட்டர் குதிரைக்கு வம்சப் பதிவு தொடங்கியபோது, உடம்பில் அதிகம் வெள்ளை உள்ளவற்றைச் சேர்க்க மறுத்தார்கள். ஸ்பானிய இரத்தத்தில் வந்த அந்த நிறத்தை விரும்பியவர்கள் தங்களுக்கென்று தனிப் பதிவு தொடங்கினார்கள். "ஒதுக்கப்பட்டவை என் குதிரைகள்!" என்று வேபர் கையை விரிப்பார். கைதட்டுவார்கள்.

அவர் சொல்லாத பாதி ஒன்று இருந்தது. அதை நான் மேல்படிப்பில் படித்திருந்தேன். அந்தக் கிழிந்த காகித வெள்ளையைக் கொடுக்கும் மரபணு ஒரு பக்கத்திலிருந்து வந்தால் குட்டி அழகாக, ஆரோக்கியமாக இருக்கும். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் இருந்து வந்தால் குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும். அதன் குடலின் கடைப்பகுதியில் நரம்பு உருவாகியிருக்காது. பால் குடிக்கும், மலம் போகாது. பிழைக்க வழியே இல்லை. இரத்தச் சோதனையில் முன்கூட்டியே அறியலாம். அந்தக் காலத்தில் அந்தச் சோதனை புதிது, கட்டாயமும் இல்லை. வேபர் செய்யவில்லை. "என் குதிரைக்கு அழகான குட்டிகள் பிறக்கின்றன. அதுதான் என் சோதனை" என்பார்.

இனி சுதாவின் கதைக்கு வருகிறேன்.

சுதா கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. பெற்றோர் யாழ்ப்பாணம், அவள் இங்கே வளர்ந்தவள். பள்ளிக்கூடக் காலத்தில் தோழியோடு குதிரைப் பண்ணைக்குப் போய்ப் பைத்தியம் பிடித்தவள். வேலை கிடைத்துப் பல வருடம் கழித்து ஒரு பெண் குதிரையை வாங்கிவிட்டாள். நிலா என்று பெயர் வைத்தாள். நிலா பெயின்ட் இனம்தான், ஆனால் பார்த்தால் தெரியாது. முழுப் பழுப்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. நிலாவை வேபரின் குதிரையோடு சேர்த்தபோது, நிலாவுக்கு வைத்தியம் பார்க்கும் என்னிடம் சுதா கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

சித்திரை மாதம் ஒரு காலையில் தொலைபேசி அடித்தது.

"அக்கா, குட்டி பிறந்திட்டுது! பெட்டைக் குட்டி. முழு வெள்ளை அக்கா, ஒரு புள்ளி கூட இல்லை. எழும்பி நிண்டு பாலும் குடிச்சிட்டுது. அம்மா சொல்லுறா, வெள்ளைக் குதிரை வந்தால் வீட்டுக்கு நல்லதாம். வந்து பாருங்கோ அக்கா!"

"சாணம் போட்டதோ?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை. இப்பதானே பிறந்தது."

"வாறன். அதுவரைக்கும் கவனமாப் பாத்துக்கொண்டிரும்."

நான் பையை எடுக்கும்போது பக்கத்தில் நின்ற சக மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இரண்டு பக்கமும் பெயின்ட், குட்டி வெள்ளை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? போனவுடன் ஊசியைப் போட்டு முடித்துவிடுங்கள். வீணாகச் சித்திரவதை" என்றார். அவர் இரக்கமில்லாத ஆள் இல்லை. இரக்கத்தில்தான் சொன்னார்.

ஆனால் நான் அதற்கு உடன்படவில்லை. வெள்ளையாகப் பிறக்கிற எல்லாக் குட்டியும் சாகிற குட்டி இல்லை. வேறு மரபணுக்களாலும் வெள்ளை வரும்; அந்தக் குட்டிகள் துள்ளி விளையாடி இருபது வருடம் வாழும். சாதாரணக் குட்டிகளுக்கும் முதல் மலம் இறுகி நிற்பதுண்டு. அதைச் சுலபமாக எடுத்துவிடலாம். நிறத்தைப் பார்த்துக் கொன்றுவிட்டு, பிறகு இரத்த முடிவு வேறு மாதிரி வந்தால் நான் சுதாவுக்கு என்ன பதில் சொல்வது? இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன்: வரலாறு தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். பார்க்கிற வேலையை அது உங்களுக்காகச் செய்யாது.

லாயத்தில் அந்தக் குட்டி நின்ற நிற்பை நான் மறக்கமாட்டேன். வெளிர் நீலக் கண்கள், தோல் இளஞ்சிவப்பு. பயமில்லாமல் என்னிடம் வந்து என் சட்டைப் பொத்தானைச் சப்பிப் பார்த்தது. சுதா சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அம்மா கைத்தொலைபேசியில் கனடாவுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

குட்டியை முழுதாகப் பரிசோதித்தேன். எனிமா கொடுத்தேன். வெளியே வந்தது கொஞ்சம் வெண்மையான சளி மட்டும்தான். கறுப்பு மலம் ஒரு துளி கூட இல்லை. சுதா என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நான் தாதி. எனக்கு மறைக்காதேங்கோ."

மறைக்கவில்லை. எதைச் சந்தேகிக்கிறேன், ஏன் சந்தேகிக்கிறேன், எது இன்னும் தெரியாது, எல்லாவற்றையும் சொன்னேன். இரத்தம் எடுத்து அனுப்பலாம், ஆனால் முடிவு வர நாளாகும். குட்டிக்கு அவ்வளவு நேரம் இருக்காது என்றும் சொன்னேன்.

"அப்ப என்ன செய்யிறது?"

"இண்டைக்கு முழுக்க இங்கதான் நிற்கப்போறன். திரும்பவும் எனிமா குடுத்துப் பாப்பம். மலம் வந்தால் பயமில்லை. வராமல் வயிறு நோகத் தொடங்கினால்..."

"தொடங்கினால்?"

"அதுக்கு மேல அதைக் கஷ்டப்பட விடமாட்டன்."

அவள் தலையை ஆட்டினாள். அம்மாவிடம் போய்ப் படம் அனுப்புவதை நிறுத்தச் சொன்னாள்.

மத்தியானம் தாண்டியதும் குட்டி பால் குடிப்பதைக் குறைத்தது. பிறகு படுத்தது, எழும்பியது, மறுபடி படுத்துத் தன் விலாவைத் திரும்பிப் பார்த்தது. வயிறு உப்பத் தொடங்கியது. இரண்டாவது எனிமாவிலும் ஒன்றும் இல்லை. வலிக்கு மருந்து கொடுத்தேன். அது கொஞ்சம் அடங்கியது.

"வெட்டித் தைக்க ஏலாதோ அக்கா?"

"ஏலாது சுதா. பொருத்துறதுக்கு நல்ல குடல் அங்க இல்லை."

எனக்கு அப்போது சந்தேகம் மிச்சமிருக்கவில்லை. இதற்கு மேல் காத்திருந்தால் அது குட்டிக்காக இல்லை, என் மனச்சமாதானத்துக்காகத்தான்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குக் குறுக்கே நின்றது. மறுநாள் வேபரின் பண்ணைக்கு இரண்டு பெண் குதிரைகள் வருவதாக இருந்தது. அது சேர்க்கைப் பருவம், அதன் பின்னால் இன்னும் வரும். அவற்றில் எதற்கு இந்த மரபணு மறைந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் மருத்துவமனைத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். வேபரின் எல்லாக் குதிரைகளையும் எங்கள் மருத்துவமனைதான் பார்த்தது. அவர் கோபித்துக்கொண்டு போனால் எங்களுக்குப் பெரிய இழப்பு. தலைவர் சொன்னார்: "சொல்லத்தான் வேண்டும். ஆனால் தொலைபேசியில் சொல்லாதீர்கள். தொலைபேசியில் சொன்னால் அவர் உங்களோடு சண்டை பிடிப்பார். நேரில் வந்தால் அந்தக் குட்டியோடு அல்லவா சண்டை பிடிக்க வேண்டும்."

சுதாவிடம் கேட்டேன். குட்டியை அவர் பார்ப்பதில் அவளுக்குச் சம்மதமா என்று. "வரட்டும்" என்றாள். அவர் உடனே வராவிட்டாலோ, மருந்தின் பிடி விட்டாலோ காத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேபரை அழைத்தேன். அவருடைய குதிரைக்குப் பிறந்த குட்டிக்குச் சுகமில்லை, உடனே வந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவருடைய பண்ணை பக்கத்து ஊர்தான்.

வந்தார், வரும்போதே கத்திக்கொண்டு. "டாக்டர், தொலைபேசியில் என்ன சொன்னீர்கள்? என் குதிரையா? என் குதிரைக்கு எத்தனை குட்டிகள், ஒன்றுக்கும் ஒரு குறையில்லை! தாயைப் பாருங்கள், தாயை!"

"தாயையும்தான் சொல்கிறேன், ஹெர் வேபர். இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் இது நடக்கும். உள்ளே வாருங்கள்."

"இந்தத் தாய்க்கு நெற்றிப் பொட்டு மட்டும்தான் இருக்கிறது. விலாவில் வெள்ளையே இல்லை. இதற்கு எப்படி அந்த மரபணு இருக்கும்?"

"அதுதான் உங்கள் குதிரைகளின் வரலாறு" என்றேன். "வெள்ளையைக் கண்ணால் பார்த்துப் பிரித்தார்கள். இது இந்தப் பதிவு, அது அந்தப் பதிவு என்று. ஆனால் மரபணு சில உடம்பில் நிறமாக வெளியே வருவதே இல்லை. பழுப்புக் குதிரைக்குள் சத்தமில்லாமல் இருந்து தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் பாதியைச் சொல்கிறீர்கள். மற்றப் பாதி இதோ நிற்கிறது."

அவர் லாயத்துக்குள் போனார். வலி கொஞ்சம் அடங்கி நின்ற குட்டி அவரிடமும் போனது. அவருடைய விரலைச் சப்பியது. அந்தப் பெரிய மனிதர் வைக்கோலில் முழந்தாளிட்டார்.

"இது குடிக்கிறதே" என்றார், சின்னக் குரலில். "குடிக்கிற குட்டி எப்படிச் சாகும்?"

"குடிக்கும். வெளியே போக வழியில்லை."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குட்டிக்கு மறுபடி வலி வந்தது. முன்னங்கால் மடிந்து விழுந்தது. நான் விளக்கம் சொல்ல வேண்டிய தேவை அதோடு முடிந்தது. ஊசி மருந்தை எடுத்து ஆயத்தம் செய்யத் தொடங்கினேன்.

"நாளைக்கு இரண்டு குதிரைகள் வருகின்றன" என்றார்.

"வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் குதிரையின் இரத்த முடிவு வரும்வரை எதையும் சேர்க்காதீர்கள்."

"காரணம் கேட்பார்களே? சொன்னால் என் பெயர் என்ன ஆகும்?"

இங்கே கவனியுங்கள். எனக்குத் தொழில் ரகசியக் கடமை இருந்தது. அவருடைய குதிரையைப் பற்றி நான் வெளியே வாய் திறக்க முடியாது. அவரைப் பயமுறுத்த என்னிடம் ஒன்றும் இல்லை. "நான் சொல்ல முடியாது, ஹெர் வேபர். அதனால்தான் நீங்கள் சொல்ல வேண்டும்" என்று மட்டும் சொன்னேன்.

அதுவரை மூலையில் நிலாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற சுதா அப்போதுதான் திரும்பினாள். தெளிவான ஜெர்மனில் சொன்னாள்: "எனக்கு அந்தக் கடமை இல்லை. இது என் குட்டி. நீங்கள் சொல்லாவிட்டால் நான் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்வேன். ஆனால் நீங்கள் சொன்னால் நன்றாக இருக்கும்."

வேபர் அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். எழும்பி வெளியே போனார். முற்றத்தில் அவருடைய குரல் கேட்டது. வழக்கமான உயரம் இல்லை. "நாளைக்கு வராதீர்கள்... இல்லை, தள்ளிப்போடுவதில்லை. காரணம் சொல்கிறேன், கேளுங்கள்..."

சுதா குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஊசி போட்டேன். அவளுடைய அம்மா வாசலில் நின்று ஒரு தேவாரத்தை முணுமுணுத்தார். நிலாவை அங்கேயே விட்டு, இறந்த குட்டியை அது மணந்து பார்த்து, தானாக விலகும்வரை காத்திருந்தோம். இதை அவசரப்படுத்தாதீர்கள். தாய்க் குதிரைக்கு அந்த நேரம் வேண்டும்.

சில நாளில், மூன்று குதிரைகளிடமும் எடுத்து அனுப்பிய இரத்தத்தின் முடிவு வந்தது. அந்த மரபணு நிலாவிடமும் இருந்தது, வேபரின் குதிரையிடமும் இருந்தது. குட்டியிடம் இரண்டும் சேர்ந்திருந்தன.

சுதா நிலாவை விற்கவில்லை. உறவுக்காரர் பலர் விற்கச் சொன்னார்களாம். "அது என்ன பிழை செய்தது அக்கா? நான் கேட்டிருக்கோணும். அடுத்த முறை கேட்டுத்தான் செய்வன்" என்றாள். சோதித்து ஒன்றுமில்லை என்று தெரிந்த வேறொரு குதிரையோடு சேர்த்தாள். சாதாரணப் பழுப்பில் ஒரு ஆண் குட்டி பிறந்தது. இன்று அவளுடைய மகள் அதைத்தான் ஓட்டுகிறாள்.

வேபர், முடிவு வந்த அன்றே என்னை அழைத்தார். "வாருங்கள். என் குதிரையைக் காயடித்துவிடுங்கள். இன்றைக்கே!"

போனேன். பையைத் திறக்கவில்லை. "இன்றைக்குச் செய்யமாட்டேன்" என்றேன்.

"ஏன்? நீங்கள்தானே இவ்வளவும் சொன்னீர்கள்!"

"முடிவு வரும்வரை சேர்க்காதீர்கள் என்றுதான் சொன்னேன். இனிப் பெண் குதிரைகளைச் சோதித்துப் பார்த்துச் சேர்த்தால் போதும். மரபணு இல்லாத பெண் குதிரையோடு சேர்ந்தால் இப்படி ஒரு குட்டி பிறக்காது. கோபத்தில் எடுக்கிற முடிவுக்கு நான் கத்தி பிடிக்க மாட்டேன்."

அவருக்கு நெஸ் பெர்ஸ் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை தெரியும். அதை நினைவூட்டினேன். புள்ளிக் குதிரைகளைத் தலைமுறைகளாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த மக்கள் அவர்கள். நல்லதை வைத்து, மற்றதைக் காயடித்து, பொறுமையாகத் தேர்ந்தெடுத்தவர்கள். போரில் தோற்றபோது இராணுவம் குதிரைகளைப் பறித்து, விற்று, சிதறடித்தது. அந்தப் புள்ளிக் குதிரையான அப்பலூசாவை மறுபடி ஓர் இனமாகத் திரட்டி எடுக்க வெகு காலம் பிடித்தது. "இரண்டு பேருமே குதிரை வம்சத்தில் கைவைத்தவர்கள்தானே, ஹெர் வேபர்? ஒருவர் யோசித்துச் செய்தார், மற்றவர் யோசிக்காமல் அழித்தார். நீங்கள் எந்தப் பக்கம் என்று ஒரு மாதம் கழித்துச் சொல்லுங்கள்."

அவர் என்னை வாசல்வரை வந்து அனுப்பவில்லை. வேறு மருத்துவரைத் தேடிப் போவார் என்றுதான் நினைத்தேன்.

மாதம் முடிந்து சில நாட்களில் அவரே மருத்துவமனைக்கு வந்தார். அமைதியாக உட்கார்ந்தார்.

"யோசித்தேன்" என்றார். "நான் பெண் குதிரைகளைச் சோதிப்பேன். சரி. ஆனால் என் குதிரையின் குட்டிகளில் பாதிக்கு அந்த மரபணு போகும். அழகாக இருக்கும். விற்பேன். வாங்குகிறவர் சோதிப்பாரா? அவரிடம் வாங்குகிறவர்? நான் செத்த பிறகு?"

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்:

"அழகுக்காக வளர்த்தேன். ஓட்டுவதற்கு நல்ல குதிரை அது. ஓட்டப்போகிறேன். ஏற்கெனவே குட்டி வாங்கிப் போனவர்கள் எல்லோரிடமும் பேசிவிட்டேன். இப்போது செய்வீர்களா?"

"செய்வேன்" என்றேன்.

நான் சொன்னதற்கு மாறாகத்தான் அவர் முடிவெடுத்தார். என்னைவிடத் தூரமாகப் பார்த்திருந்தார். அதே கத்தி, அதே குதிரை, அதே வேலைதான். முதல் நாள் செய்திருந்தால் அது ஒரு மனிதர் தன் வெட்கத்தை ஒரு குதிரையின்மேல் இறக்கியதாக இருந்திருக்கும். உங்களிடமும் ஒருநாள் யாராவது "இன்றைக்கே" என்பார்கள். உயிர் போகிற அவசரம் என்றால் ஓடுங்கள். இல்லையென்றால் பையைத் திறக்காதீர்கள். அவர்கள் ஆறிய மனத்தோடு திரும்பி வந்து கேட்டால், உங்கள் கருத்து வேறாக இருந்தாலும், கை நடுங்காமல் செய்து கொடுங்கள்.

வேபர் குதிரையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். மயக்க மருந்து ஏறி அது சரிந்தபோது, தரை ஈரமாக இருந்ததால் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அதன் கன்னத்தின் கீழ் வைத்தார். வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. அது தலையைத் தூக்கி, தடுமாறி, நாலு காலிலும் நிற்கும்வரை நாங்கள் இருவரும் புல்லில் உட்கார்ந்திருந்தோம். நின்றதும் அவர் ஜாக்கெட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பக்க லாயத்தில் ஒரு குதிரைக்குக் குளம்பில் ஏதோ வலி" என்றார். "வந்த கையோடு பார்த்துவிடுகிறீர்களா?"

பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.